பேசுபவர் எத்தனை பேர், பார்ப்பவர் எத்தனை பேர்?

நேரலை வகுப்பு, மருத்துவ ஆலோசனை, வினாடி வினா, ஏலம் என இருபுறமும் பேசிக்கொள்ளும் வீடியோ செயலிகளைக் கட்டிக்கொண்டிருக்கும் இளம் மென்பொருள் பொறியாளர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்.



இரண்டாயிரங்களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனை தேனி வட்டாரத்துச் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. மருத்துவர் தேனியில் இருப்பார். ஊரில் இருப்பது பயிற்சி பெற்ற பணியாளர். இரண்டு இடங்களையும் இணைக்க கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் எடுத்தது சாதாரண வைஃபை கருவிகளை. வைஃபை சில பத்து மீட்டர் தூரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. கிலோமீட்டர் கணக்கில் நீட்டினால், "வந்து சேர்ந்தது" என்ற பதில் திரும்புவதற்குள் அனுப்பிய கருவி பொறுமையிழந்து மறுபடி அனுப்பும், இணைப்பு திணறிப்போகும். ஆய்வாளர்கள் கருவியை மாற்றவில்லை. மென்பொருளைத் திருத்தி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி செய்தார்கள். 2006 வாக்கில் அந்த இணைப்பு நொடிக்கு 6 மெகாபிட் வேகம் வரை தந்தது. பரிசோதனை முடிந்ததும் நோயாளி திரையில் மருத்துவரைப் பார்த்துத் தன் சந்தேகத்தைக் கேட்கலாம். மருத்துவர் அங்கேயே பதில் சொல்லலாம்.

அன்று ஆய்வுக்குழு ஒன்று அரும்பாடுபட்டுச் சாத்தியமாக்கிய வீடியோ உரையாடலை இன்று கிளவுட் நிறுவனங்கள் ஏபிஐ வடிவில் விற்கின்றன. அமேசான் ஐவிஎஸ், அகோரா, ட்விலியோ, வோனேஜ், லைவ்கிட் என்று பெயர்கள் பல. நான்கைந்து அழைப்புகளை எழுதினால் ஒரு மதியத்துக்குள் இரண்டு கைபேசிகள் ஒன்றையொன்று பார்த்துப் பேசத் தொடங்கிவிடும். இது கொண்டாடவேண்டிய வளர்ச்சி. ஆனால் எந்த ஏபிஐயும் உங்களுக்காக எடுத்துத் தராத முடிவு ஒன்று இருக்கிறது: உங்கள் செயலியில் யார் பேசவேண்டும், யார் பார்த்தால் போதும்? முதல் வரி நிரலை எழுதும் முன்பே இதற்கு விடை எழுதிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தாமதம், கட்டணம், மாணவரின் டேட்டா, பாதுகாப்பு, நாளை வேறு நிறுவனத்துக்கு மாறும் வழி ஆகிய அத்தனையும் இந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் தாமதம்.

இணையத்தில் வீடியோ அனுப்பும் வழிகளைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்று ஒளிபரப்புக் குடும்பம். ஆப்பிள் 2009ல் கொண்டுவந்த எச்எல்எஸ் இதில் மூத்தது. வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, சாதாரண இணையப் பக்கங்களைப் போலவே சர்வர்களில் அடுக்கிவைக்கிறது. ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டின் நீளம் 6 விநாடி. மூன்று துண்டுகளையாவது கையில் வைத்துக்கொண்டுதான் பிளேயர்கள் வழக்கமாக ஓட்டத் தொடங்கும். அதனால் மைதானத்தில் நடந்தது திரைக்கு வர 20, 30 விநாடிகள் ஆகிவிடும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் விக்கெட் விழுந்த ஆரவாரம் கேட்டபிறகே கைபேசியில் பந்துவீச்சாளர் ஓடிவருவது இதனால்தான். இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டால் கிடைக்கும் பலன் பெரிது. 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் சுமார் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். அவர்களில் யாரும் ரோகித் சர்மாவிடம் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தால் போதும்.

மற்றொன்று உரையாடல் குடும்பம். பேச்சில் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு இடைஞ்சல் இருக்காது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அது 400 மில்லி விநாடியைத் தாண்டவே கூடாது என்பது அதே பரிந்துரையின் எல்லை. இந்த எல்லைக்குள் நிற்பதற்காகவே உருவானது வெப்ஆர்டிசி. கூகுள் 2010ல் குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ் நிறுவனத்தை வாங்கி, அதன் ஒலி, ஒளித் தொழில்நுட்பத்தை 2011ல் திறந்த மூலமாக வெளியிட்டது. 2021 ஜனவரியில் வெப்ஆர்டிசி அதிகாரபூர்வ இணையத் தரம் ஆனது. இன்று மேலே சொன்ன ஏபிஐகளின் உரையாடல் வசதி எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது பெரும்பாலும் இதுதான்.

இரண்டு குடும்பங்களும் பிரியும் இடம், வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி. ஒளிபரப்புக் குடும்பம் நின்று, தொலைந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போகும்; படம் குறையில்லாமல் வரும், நேரம் கழிந்துவிடும். உரையாடல் குடும்பத்துக்கு நிற்க நேரமில்லை. உடனே மீட்க முடிந்ததை மீட்டுவிட்டு மற்றதைக் கைவிட்டுத் தொடரும். அதன் ஒலி வடிவமான ஓபஸ், தொலைந்த துணுக்கை முன்பின் ஒலியிலிருந்து ஊகித்து நிரப்பும். நொடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை எந்த வேகத்துக்கும் தன்னைச் சுருக்கி விரித்துக்கொள்ளும். அதனால்தான் படம் உறைந்துபோன அழைப்பிலும் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது தேவை ஒன்று உண்டு: பார்ப்பவர்கள் பேச வேண்டாம், ஆனால் பதில் அளிக்க வேண்டும். 2017ல் அமெரிக்காவில் தொடங்கிய எச்க்யூ டிரிவியா இதற்குச் சிறந்த சான்று. தொகுப்பாளர் நேரலையில் கேள்வியைப் படிப்பார்; பத்தே விநாடியில் விடையைத் தொடவேண்டும். 2018ல் ஒரே ஆட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் சில விநாடி தாமதம் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் தொகுப்பாளரின் குரலுக்கு முந்தியோ பிந்தியோ கேள்வி திரையில் வந்தால் ஆட்டமே கெட்டுவிடும். இதற்கு ஐவிஎஸ் தரும் வழி புட்மெட்டாடேட்டா என்ற அழைப்பு. ஒரு கிலோபைட் அளவுள்ள தகவலை வீடியோவுக்குள்ளேயே பொதித்து அனுப்பலாம். அந்தக் காட்சி எந்தக் கைபேசியில் எப்போது ஓடுகிறதோ அப்போதே தகவலும் வெளிவரும். கேள்வியைத் தனிச் சர்வர் வழியே அனுப்பிவிட்டு, வீடியோவோடு பொருத்த வாரக்கணக்கில் போராடும் குழுக்கள் இந்த ஒரு வசதியைத் தெரிந்துகொண்டால் போதும்.

அமேசான் ஐவிஎஸ் 2020 ஜூலையில் வந்தது. அமேசான் 2014ல் வாங்கிய ட்விட்ச் தளத்தின் தொழில்நுட்பத்தை மற்றவர்களுக்கும் திறந்துவிடும் சேவை அது. ஐந்து விநாடிக்குள் வீடியோவைக் கொண்டுசேர்க்கும் ஒளிபரப்புச் சேனல் அதன் முதல் வடிவம். 2023ல் 300 மில்லி விநாடிக்குள் கொண்டுசேர்க்கும் "ஸ்டேஜ்" என்ற மேடையும் சேர்ந்தது. அந்த மேடையின் அளவைக் கவனியுங்கள்: ஒரே நேரத்தில் தன் படத்தையும் குரலையும் அனுப்பக்கூடியவர்கள் 12 பேர், பார்ப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மேடையில் பேசும் 12 பேரையும் ஒரே படமாகத் தொகுத்து ஒளிபரப்புச் சேனலுக்குத் திருப்பிவிடவும் ஓர் அழைப்பு இருக்கிறது. பேசுபவர்களுக்கு ஒரு வழி, பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழி என்ற பிரிவு அந்த ஏபிஐயின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது.

"எல்லோரும் எல்லோரையும் பார்க்கட்டும்" என்று தொடங்கும் குழுக்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். பத்துப் பேர் நேருக்கு நேர் இணைந்தால் ஒவ்வொருவரும் ஒன்பது பேருக்குத் தன் வீடியோவை அனுப்பவேண்டும். மொத்தம் 90 ஓட்டங்கள். கைபேசியின் பேட்டரியும் பதிவேற்ற வேகமும் இதைத் தாங்காது. ஆகவே நடுவில் ஒரு சர்வர் நிற்கிறது. ஒவ்வொருவரும் அதற்கு ஒருமுறை அனுப்பினால் போதும். அது மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அனுப்பும் கைபேசி ஒரே காட்சியைப் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று தரங்களில் அனுப்பினால், நல்ல இணைப்புள்ளவருக்குப் பெரியதையும் தடுமாறும் இணைப்புக்குச் சிறியதையும் சர்வர் தேர்ந்து தரும். சைமல்காஸ்ட் என்ற இந்த வசதி சில சேவைகளில் தானாக வருவதில்லை, நீங்கள்தான் இயக்கவேண்டும். இயக்காமல் விட்டால், அறையிலேயே மோசமான இணைப்புள்ள ஒருவருக்காக எல்லோருடைய படமும் மங்கிவிடக்கூடும்.

கட்டணமும் பேசுபவர், பார்ப்பவர் என்ற பிரிவில்தான் தீர்மானமாகிறது. பல உரையாடல் ஏபிஐகள் பங்கேற்பாளர் நிமிடக் கணக்கில் பணம் வாங்குகின்றன. ஓர் ஆசிரியர், 60 மாணவர்கள், 45 நிமிட வகுப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரே வகுப்புக்கு 2,745 நிமிடங்கள். மாதம் 10,000 நிமிடம் இலவசம் என்று தரும் நிறுவனத்தில் நான்காவது வகுப்பு முடிவதற்குள் இலவசம் தீர்ந்துவிடும். நாளைக்கு இரண்டு வகுப்பு, மாதம் 25 நாள் என்றால் 1,37,250 நிமிடங்கள். அதோடு, திரையில் எத்தனை முகங்கள் எந்தத் தெளிவில் தெரிகின்றன என்பதைக் கூட்டிப்பார்த்துக் கட்டணப் படியை உயர்த்தும் நிறுவனங்களும் உண்டு. கேள்வி கேட்கக் கை உயர்த்துபவரை மட்டும் மேடைக்கு அழைத்து, மற்றவர்களைப் பார்வையாளர் வழியில் வைத்தால் இந்தத் தொகை வெகுவாக இறங்கும். தென்கொரியாவில் இணையக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி ட்விட்ச் 2022ல் அங்கே படத்தின் தெளிவை 720பியாகக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டில் சேவையையே நிறுத்தியது. அமேசானின் பணபலம் பின்னால் இருந்த தளத்துக்கே நேர்ந்தது இது.

இதைவிட முக்கியமான செலவு மாணவரின் பையிலிருந்து போவது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 45 நிமிட வீடியோ 675 மெகாபைட் தின்னும். நாளைக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் திட்டத்தில் இருக்கும் மாணவருக்கு இரண்டு வகுப்போடு அன்றைய டேட்டா ஏறத்தாழ முடிந்தது. அதே வகுப்பை 300 கிலோபிட்டில் அனுப்பினால் சுமார் 100 மெகாபைட். குரல் மட்டும் என்றால், 32 கிலோபிட்டில், 11 மெகாபைட்டுக்குள் அடங்கும். "குரல் மட்டும்" என்ற பொத்தானை முதல் பதிப்பிலேயே வையுங்கள். இணைப்பு தளரும்போது முதலில் படம் சுருங்கட்டும், பிறகு படம் நிற்கட்டும், குரல் மட்டும் கடைசிவரை நிற்கட்டும். இந்த வரிசையை நீங்கள்தான் நிரலில் எழுதவேண்டும்.

கரும்பலகைக்கும் தனி விதி உண்டு. இணைப்பு குறையும்போது வெப்ஆர்டிசி வழக்கமாக அசைவின் சீர்மையைக் காப்பாற்றப் பார்க்கும், தெளிவை விட்டுக்கொடுத்துவிடும். முகத்துக்கு அது சரி. சமன்பாட்டுக்கு அது தவறு: நொடிக்கு ஐந்து படம் வந்தாலும் எழுத்து வாசிக்கும்படி இருக்கவேண்டும். கன்டென்ட்ஹின்ட் என்ற அமைப்பில் இது எழுத்து சார்ந்த காட்சி என்று குறித்துவிட்டால், உலாவி தெளிவைக் காத்து அசைவைக் குறைக்கும். ஒரே ஒரு வரி. கடைசி பெஞ்சு மாணவர் பாடத்தைப் பின்தொடர்வதும் கைவிடுவதும் அந்த ஒரு வரியில் இருக்கலாம்.

மருத்துவ ஆலோசனையில் கணக்கு வேறு. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் வீட்டிலிருந்தே மருத்துவரை அணுகும் வசதி 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது தொடங்கியது. அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தொடக்க மாதங்களிலேயே தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. அங்கே பேசுபவர்கள் இரண்டே பேர். கட்டணம் பெரிதாகாது. ஆனால் பாதி ஆலோசனையில் இணைப்பு அறுந்தால் நோயாளி மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகக்கூடாது. அதே அறைக்கு, அதே மருத்துவரிடம் திரும்பவேண்டும். அந்த ஏற்பாடு ஏபிஐயில் இருக்காது. உங்கள் சர்வரில் இருக்கவேண்டும்.

பாதுகாப்பிலும், யார் பேசுவது, யார் பார்ப்பது என்ற அதே கேள்விதான். ஐவிஎஸ் மேடைக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் வேண்டும். அனுப்பவும் பார்க்கவும் உரிமையா, பார்க்க மட்டுமா என்று அதில் குறிக்கலாம். எத்தனை நிமிடம் செல்லும் என்றும் குறிக்கலாம். குறிக்காமல் விட்டால் 12 மணி நேரம் செல்லும். 45 நிமிட வகுப்புக்கு 12 மணி நேர டோக்கன் எதற்கு? மாணவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் தாருங்கள். கை உயர்த்தியவருக்கு அப்போது மட்டும் பேசும் டோக்கனை வழங்குங்கள். டோக்கனை உருவாக்கும் ரகசியச் சாவி உங்கள் சர்வரில் மட்டும் இருக்கட்டும். கைபேசிச் செயலிக்குள் வைத்தால் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் எடுத்துவிடுவார். வழியில் போகும் தகவலிலும் கவனம் தேவை. அகோராவின் மென்பொருள் தொகுப்பு ஒன்று அழைப்பில் சேர்வதற்கான விவரங்களை மறையாக்கம் செய்யாமல் அனுப்பியதை மெக்காஃபி ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2021 பிப்ரவரியில் விவரம் வெளியிட்டார்கள். அகோரா 2020 டிசம்பரிலேயே திருத்திய பதிப்பைத் தந்திருந்தது. ஆனால் தொகுப்பைப் புதுப்பிக்காத செயலிக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. புதுப்பிக்கும் வேலையை மாதாந்தரப் பட்டியலில் எழுதிவையுங்கள்.

வகுப்பைப் பதிவு செய்யும் பொத்தானை வைக்கும் முன் சட்டத்தையும் படியுங்கள். 2023ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பத்தாம் வகுப்பு மாணவியின் முகமும் குரலும் தரவுதான்.

அடுத்தது, வாடகைக்கு எடுத்த ஏபிஐ நாளை இருக்குமா என்ற கேள்வி. ட்விலியோ தன் வீடியோ சேவையை 2024 டிசம்பரோடு மூடப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. பிறகு கெடுவை 2026க்குத் தள்ளியது. 2024 அக்டோபரில், மூடவில்லை, தொடர்கிறோம் என்றது. இதற்குள் எத்தனையோ குழுக்கள் நிரலை வேறு சேவைக்கு மாற்றி எழுதத் தொடங்கியிருந்தன. ஓப்பன்டாக் ஏபிஐயைத் தந்த டாக்பாக்ஸ் 2012ல் டெலிஃபோனிகா கைக்கும், 2018ல் வோனேஜ் கைக்கும் போனது. வோனேஜையே 2022ல் எரிக்சன் வாங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் அஷ்யூர் மீடியா சர்வீசஸ் சேவையை 2024 ஜூன் 30ல் நிறுத்திவிட்டது.

இதற்குப் பயந்து எல்லாவற்றையும் சொந்தமாகக் கட்ட வேண்டியதில்லை. அறையைத் திற, ஆளைச் சேர், பேச அனுமதி, வெளியேற்று, பதிவு செய் என்று உங்கள் செயலிக்குத் தேவையான நான்கைந்து செயல்களை உங்கள் பெயரிலேயே ஒரு மெல்லிய அடுக்காக எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் அந்த அடுக்கைத் தாண்டி உள்ளே வரவேண்டாம். திறந்த தரங்களும் கைகொடுக்கும். வெப்ஆர்டிசி வழியே வீடியோவை எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் ஒரே முறையில் அனுப்ப உதவும் விப் என்ற நெறிமுறை 2025ல் ஆர்எஃப்சி 9725 ஆக வெளியானது. ஓபிஎஸ் ஸ்டுடியோ அதற்கு முன்பே, 30ஆம் பதிப்பிலிருந்து, அதை ஏற்கிறது. ஜிட்சி, ஜானஸ், மீடியாசூப், லைவ்கிட் ஆகியவை திறந்த மூலத்தில் கிடைக்கின்றன. நிறுவனம் கதவை மூடினாலும் இவற்றை உங்கள் சர்வரிலேயே ஓட்டலாம்.

சோதனையைக் கல்லூரி வைஃபையில் முடித்துவிடாதீர்கள். கேமராவுக்கு முன் ஓடும் கடிகாரத்தை வைத்து, அந்தக் கடிகாரத்தையும் பெறும் திரையையும் ஒரே புகைப்படத்தில் எடுங்கள். இரண்டு நேரங்களின் வித்தியாசமே உங்கள் உண்மையான தாமதம். குரோமில் வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் பக்கத்தைத் திறந்தால் தொலைந்த பாக்கெட்டுகளும் போய்த் திரும்பும் நேரமும் வரைபடமாகத் தெரியும். உங்கள் ஊடகச் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து வர்ஜீனியா போய்த் திரும்ப 200 மில்லி விநாடியைத் தாண்டிவிடும், மும்பைக்கு அதில் சிறு பங்கே ஆகும். வெப்ஆர்டிசி வழக்கமாகப் போகும் யுடிபி வழியை அடைத்துவைத்திருக்கும் அலுவலக வலையிலிருந்தும் இணைந்து பாருங்கள். 443ஆம் எண் வாசல் வழியே டர்ன் சர்வர் இடைநின்று கடத்தித் தராவிட்டால் அங்கிருப்பவர் உள்ளே வரவே முடியாது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியில், ஓடும் பேருந்தில், மழை நாளில் சோதியுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வலையமைப்புப் பாடத்தில் டிசிபியும் யுடிபியும் தேர்வுக்கான இரண்டு வரையறைகளாகவே முடிந்துவிடுகின்றன. ஒரே வகுப்பறையில் ஒரே காட்சியை எச்எல்எஸ் வழியிலும் வெப்ஆர்டிசி வழியிலும் ஓடவிட்டு, தாமதத்தை மாணவர்களே அளந்து எழுதும் ஒரு பயிற்சியை வையுங்கள். இரண்டுக்கும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஏன் இரண்டு குடும்பங்கள் தேவை என்பதை அந்த ஒரு மணி நேரம் விளக்கிவிடும்.

செயலி கட்டுபவர்களே, உங்கள் திட்ட ஆவணத்தின் முதல் பக்கத்தில் மூன்று எண்களை எழுதுங்கள்: ஒரே நேரத்தில் பேசுபவர் எத்தனை பேர், பார்ப்பவர் எத்தனை பேர், பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருக்கலாம். அந்த மூன்றையும் எழுதிய பிறகு ஏபிஐயைத் தேர்ந்தெடுங்கள்.